எழுபத்திரண்டு மணி நேரம்

காலை ஐந்தரைக்கு வாழைப்பழம் நறுக்குகிறேன்,
விரற்கடை அளவு, தோலோடு.
பப்பாளி, முலாம்பழம்.
செவ்வாய்க்கிழமை மட்டும் மாம்பழம்:
பெருவிலிருந்து விமானத்தில் வருகிறது,
நான் வந்ததைவிடச் சொகுசாக.

மூன்று கதவு தாண்டி, உடை மாற்றி,
காற்றுக்குழாய் மாட்டிக்கொண்டு உள்ளே போனால்
நாற்பத்தொரு வௌவால்கள்
தலைகீழாக எனக்குக் காத்திருக்கின்றன.
ஜெர்மனில் இவற்றுக்குப் பறக்கும் நாய் என்று பேர்.
முகத்தைப் பார்த்தால் ஒப்புக்கொள்ளலாம்.
பழத்தைச் சப்பிச் சாற்றை விழுங்கிவிட்டுச்
சக்கையை உருட்டித் துப்பும்.
அந்தச் சக்கையைப் பொறுக்கி எடை போடத்தான்
எனக்குச் சம்பளம்.

எச்சிலில் ஒரு கிருமி
வாடகை தராமல் குடியிருக்கிறது.
வௌவால் வீட்டுக்கு விருந்து போனால்
நீயும் தொங்கு நானும் தொங்கு என்பார்களே,
அது போய்த் தொங்கிக்கொண்டது, அவ்வளவுதான்.
வௌவாலுக்கு ஒரு தும்மல்கூட இல்லை.
பன்றிக்கு அந்த வித்தை தெரியாது, இருமுகிறது.
பன்றி வளர்த்தவனுக்கு மூளை வீங்குகிறது.

எங்கோ ஒரு நாட்டில்
கொட்டிலுக்கு மேலே மாமரம் நின்றது.
நட்டது வௌவால் அல்ல.

என் வேலை ஒப்பந்தத்தில் ஒரு வரி:
உள்ளே போய்வந்த நேரத்திலிருந்து
எழுபத்திரண்டு மணி நேரம்
குளம்புள்ள எதையும் தொடக் கூடாது.
எனக்கோ வாரத்தில் ஐந்து நாள் வேலை.
கூட்டிக் கழித்தால், தொடவே கூடாது.

குடியிருப்பது கிரைஃப்ஸ்வால்டுக்கு வடக்கே,
ஹென்னிங் வுல்ஃபின் பன்றிப்பண்ணைக்கு அடுத்த வீடு.
வாடகை மலிவு.
காரணம், காற்று.

அக்டோபரில் ஓரிரவு ஜன்னலைத் தட்டினார்.
சினைப்பன்றிக்கு நான்காவது குட்டி குறுக்கே கிடக்கிறதாம்.
டாக்டர் தீவுப் பக்கம் போயிருக்கிறார், பாலத்தில் பனிமூட்டம்.
"நீ கால்நடைப் படிப்பு படித்தவள்.
உன் கையும் சின்னது."
கையைப் பார்த்தேன்.
பன்னிரண்டு மணி நேரம்தான் ஆகியிருந்தது.

வேலிக்கு வெளியே நின்றேன்.
உள்ளே அவர் மனைவி கெசீனா,
பள்ளிப் பேருந்து ஓட்டுபவள்,
பதினாறு வருடமாகக் கொட்டிலில் கால் வைக்காதவள்.
மோதிரத்தைக் கழற்றி வாயில் போட்டுக்கொண்டாள்.
முழங்கை வரை சோப்பு.
நான் கூரை தாண்டக் கத்தினேன்:
விரல்களைக் குவி.
அது முக்கும்போது தள்ளாதே, காத்திரு.
என்ன தட்டுப்படுகிறது, வாலா, மூக்கா?
"தெரியவில்லை. வழுக்குகிறது.
ஊசி மாதிரி ஏதோ குத்துகிறது."
பல். அதுதான் தலை. திருப்பு.

என் மணிக்கட்டு இருட்டில்
தன் பாட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது,
வெறுங்காற்றுக்குப் பிரசவம் பார்ப்பதுபோல.

பதினொன்று பிழைத்தன.
நான்காவது இல்லை.

காலையில் வாசலில் ஒரு கூடை ஆப்பிள்,
உதிர்ந்து பொறுக்கியவை.
பென்சிலில் ஒரு சீட்டு: உன் பறக்கும் நாய்களுக்கு.
பண்ணைப் பொருள் எதுவும் உள்ளே போகக் கூடாது,
அதற்கும் ஒரு வரி உண்டு.
கெசீனாவிடம் நான் சொல்லவில்லை.
நன்றாகச் சாப்பிட்டன என்றேன்.

ஞாயிறு மாலை வேலியோரம் நின்று
ஒன்றைக் கடித்தேன்.
புளிப்பு, நல்ல புளிப்பு. பாதிக்கு மேல் அடிபட்ட பழம்.
அந்தப் பக்கம் பன்றிகள் மூக்கை நீட்டின,
அன்று பிழைத்த ஒன்றிரண்டும் நடுவில்.

கை ஓங்கிவிட்டது.

ஓங்கிய கையில்
என் எச்சில் பட்ட பாதிப் பழம்.
கீழே திறந்த வாய்கள்.
கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன்,
மரக்கிளைபோல.

பிறகு கோட்டுப் பையில் போட்டுக்கொண்டேன்.
சாறு தொடை வரை இறங்கியது.
பன்றிகள் வெகுநேரம் போகவில்லை.